ஒரு முறுக்கு

கூரை தாங்குவது எழுபத்தைந்து கிலோ,
வண்டிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
நல்லசிவத்தின் கூடாரம் ஐம்பத்தெட்டு.
என் படகுகள் இரண்டும் சேர்த்து நாற்பத்து நாலு.
பள்ளிபாளையம் பட்டறையில் ராக்கியண்ணன்
காதோரப் பென்சிலை எடுத்துத்
தகரத்தில் கூட்டிப் பார்த்தார்,
எச்சில் தொட்டு அழித்தார்.
"ஏனுங்க, ஊட்டு மேல படகு வெக்கறீங்களா,
படகு மேல ஊடு வெக்கறீங்களா?"

ரிக் வண்டிகளுக்கு ஏணி அடிக்கிற கை.
பின்தொட்டியின் நாலு மூலையிலும்
ஒன்றரை அங்குலக் குழாய் நட்டார்.
படகுகளைப் படுக்கப் போடவில்லை,
விளிம்பில் நிறுத்திக் கூடாரத்தின் இரு பக்கமும்
காது மாதிரி வைத்தார்.
சிவப்பு இடது, மஞ்சள் வலது.
பாரம் இனிக் கூரையில் இல்லீங்க, சேசிஸ்ல எறங்கிருச்சு என்றார்.
தரையிலிருந்து ஒன்பதடி நாலு அங்குலம்.
சாக்பீஸால் டேஷ்போர்டில் எழுதிவைத்தேன்,
ரயில்வே நுழைபாலத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ள.

சித்தோட்டில் எங்களுக்கு மூன்றரை சென்ட் மனை உண்டு.
நாலு எல்லைக்கல், நடுவே ஒரு வேலிக்காத்தான்.
அங்கே போர் போட வைத்திருந்த காசுதான்
இப்போது கூரைமேல் மடிந்து கிடக்கிறது.
அதைக் கவுந்தப்பாடி ஆலைக் கொட்டகைகளின்
வெல்லப் புகைக்குள் போகும்போது
நான் சொல்லியிருக்க வேண்டாம்.
"உன்ற படகுக்கு மட்டும் என்ன,
ஆத்துல தண்ணியா ஓடுது?"
அதற்கப்புறம் பேச்சில்லை.

அறுபதைத் தாண்டியதும் பட்டை பாட ஆரம்பித்தது.
ஒல்லியாக, ஒரே கட்டையில்,
கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மாட்டிய குளவி.
எழுபதில் வண்டி முழுக்க அதுவே இருந்தது.
எங்களுக்கு அது வசதிதான்.
சத்தத்துக்குள் பேசாமல் இருப்பது
பேசாமல் இருப்பதாகத் தெரியாது.

கோபியில் டீக்கு நிறுத்தினோம்.
கரும்பு லாரிக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார்,
"ராக்கெட்டுங்களா?"
அவன் சிரித்தான், அவரிடம்.
நான் கொக்கியைத் தளர்த்திப்
பட்டையில் ஒரே ஒரு முறுக்கு விட்டு இறுக்கினேன்.
தட்டையாக இழுத்துக் கட்டினால்தான் காற்று அதை வாசிக்கும்.
முறுக்கியதும் வாயை மூடிக்கொண்டது.

பிறகு அரியப்பம்பாளையம் வரை
அவன் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.
என் வளையல் கியர்க் கம்பியில் பட்டது.
அவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம் அந்த முறுக்கை.

வாழைத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில்
நிறுத்திக்கொள்ளச் சொன்னார் தோட்டத்துக்காரர்.
"ஆனை வந்தா லைட்டு மட்டும் போட்றாதீங்க."
போய்விட்டார்.

கூடாரம் வலப்பக்கம்தான் விரியும்.
வலப்பக்கம் மஞ்சள் படகு.
ராக்கியண்ணனும் நானும் இதை யோசிக்கவில்லை.
நல்லசிவம் யோசித்திருந்தான், சொல்லவில்லை.
படகை இறக்காமல் வீடு திறக்காது.

இருபத்திரண்டு கிலோ ஒன்றும் பெரிதில்லை.
பதினோரடி நீளம்தான் ஒற்றை ஆளுக்கு அடங்காது.
மூக்கைத் தூக்கினால் வால் கதவைக் கீறும்,
வாலைத் தூக்கினால் மூக்கு மண்ணைக் குத்தும்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
வாழைக்குள் எதுவோ நடந்து போனது,
ஆனை இல்லை, கீரியாக இருக்கலாம்.
அவன் வந்து வாலைப் பிடித்தான்.
"ஒண்ணு" என்றான்.
"ரெண்டு" என்றேன்.
மூன்றை யாரும் சொல்லவில்லை,
அதற்குள் படகு தரையில் இருந்தது.

மேலே படுத்தபோது இடப்பக்கச் சன்னலில்
ஆறு தெரியவில்லை, சிவப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது.
"இதையும் எறக்கீருக்கலாம்."
நாளைக்கு என்றேன்.

விடிந்து பார்த்தால்
மஞ்சள் படகின் இருக்கையில்
தோட்டத்து நாய், மூக்கை வாலில் செருகியபடி.
எழுப்ப இரண்டு பேருக்கும் மனசில்லை.
சிவப்பை மட்டும் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனோம்.
தண்ணீர் முழங்காலுக்குக் கீழே.
"போதுமா இது?"
படகுக்கு ஒரு சாண் போதும்.
"நீ போய்ட்டு வா" என்று கரையில் உட்கார்ந்தான்.

போர்க் காசைப் பற்றி இன்னும் பேசவில்லை.
திரும்பும்போதும் கவுந்தப்பாடி வழிதான்.